பழைய பைக்குக்கு எந்த ஃபோர்க் ஆயில்?

கருவியும் வண்டியும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வந்தவாசி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2 ஏக்கர் நிலம், 3 கறவை மாடுகள். வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய 2005 மாடல் ஸ்பிளெண்டர். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் போவது அதில்தான். உர மூட்டை, புல்லுக்கட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாமே அதில்தான். சில மாதமாக முன் பிரேக் பிடித்தால் வண்டி குபீரென்று தலை குனிகிறது. பள்ளத்தில் இறங்கினால் 'டங்' என்று இரும்பில் அடிக்கிற சத்தம். வலது பக்க ஃபோர்க்கில் எண்ணெய் வழிகிறது. ஏரிக்கரைத் திருப்பத்தில் பால் கேனோடு இரண்டு முறை விழப் பார்த்திருக்கிறார். 'கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும்' என்கிறார் ஒரு மெக்கானிக். 'இன்ஜின் ஆயிலே போதும்' என்கிறார் இன்னொருவர். கடையில் கேட்டால் மூன்று வகை பாட்டிலை எடுத்து வைக்கிறார்கள். எதை வாங்குவது என்பது அவருடைய கேள்வி.

பதில்: வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் ரகத்தில் புது ஃபோர்க் ஆயில் வாங்க வேண்டும். கசிகிற சீலை மாற்றிய பிறகே அதை ஊற்ற வேண்டும். இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். இந்த வகை 100 சி.சி. பைக்குகளுக்குப் பொதுவாக 10 டபிள்யூ ஃபோர்க் ஆயில்தான் பொருந்தும். கையேடு தொலைந்திருந்தால் மாடலும் ஆண்டும் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரகத்தையும் அளவையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் அந்த ஆயில், ஏன் கெட்டி ஆயில் கூடாது என்பது தெரிந்தால், அடுத்த முறை யார் என்ன சொன்னாலும் குழப்பம் வராது.

ஆயிலின் வேலை என்ன?

முன் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலிலும் மூன்று முக்கியமான பொருள்கள் உண்டு. மேலே இருந்து இறங்கும் பளபளப்பான பைப், அது நுழையும் அடிக்குழாய், உள்ளே ஒரு நீள ஸ்பிரிங். பள்ளம் வந்தால் ஸ்பிரிங் சுருங்கும், பிறகு விரியும். வெறும் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதியை அடக்கத்தான் ஆயில். பைப் ஏறி இறங்கும்போது ஆயில் சிறு துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போகிறது. அந்த நெருக்கடிதான் வேகத்தைக் குறைக்கிறது. மதகை முழுவதும் திறந்தால் தண்ணீர் பாய்ந்து வரப்பை உடைக்கும், கொஞ்சமாகத் திறந்தால் நிதானமாக ஓடும். ஃபோர்க் துளையும் அப்படித்தான்.

இதில் ஒன்றை நன்றாக மனதில் வைக்க வேண்டும். சுமையைத் தாங்குவது ஸ்பிரிங், ஆயில் அல்ல. ஆயில் அசைவின் வேகத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தும். 'லோடு ஏற்றுகிறோம், அதனால் கெட்டி ஆயில் போடுவோம்' என்ற கணக்கு இங்கேதான் தவறிப்போகிறது.

கெட்டி ஆயில் ஊற்றினால் என்ன ஆகும்?

பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அவ்வளவாகக் குனியாது. கடைவாசலில் அழுத்திப் பார்த்தால் 'நன்றாக இறுகிவிட்டது' என்று தோன்றும். ஜல்லி பெயர்ந்த ரோட்டிலும், டிராக்டர் தடம் பதிந்த வண்டிப்பாதையிலும்தான் உண்மை தெரியும். அடுத்தடுத்துக் குழிகள் வரும்போது கெட்டி ஆயிலால் ஃபோர்க் வேகமாக விரிய முடியாது. முதல் குழியில் அமுங்கியது மேலே வருவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். நாலைந்து குழி தாண்டுவதற்குள் ஃபோர்க் கீழேயே நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு அடியும் நேராக மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வரும். டயர் தரையை விட்டுத் துள்ளும். மணலோ ஜல்லியோ கிடக்கும் திருப்பத்தில் டயர் தரையில் இல்லாத அந்த ஒரு நொடியில்தான் வண்டி வழுக்கும்.

மெல்லிய ஆயில் ஊற்றினால் இதற்கு நேர்மாறு. பிரேக்கில் தலை குனியும், பள்ளத்தில் இரும்பில் அடிக்கும், மேடு தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடும். பல ஆண்டு மாற்றாத பழைய ஆயிலும் இப்படித்தான் நடந்துகொள்ளும். உள்ளே உரசி வந்த இரும்புத்தூள், ஈரம், சூடு எல்லாம் சேர்ந்து ஆயிலின் தன்மையைக் கெடுத்துவிடும். இறக்கிய ஆயில் சாம்பல் நிறமாக இருந்தால் இரும்புத்தூள் கலந்திருக்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பல கம்பெனிக் கையேடுகள் 2 ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குள் ஃபோர்க் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. கிராமத்து வண்டிகளில் பலவற்றுக்கு வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை என்பதுதான் நிலைமை.

பாட்டிலில் உள்ள எண்ணைப் படிப்பது எப்படி?

5 டபிள்யூ, 10 டபிள்யூ, 15 டபிள்யூ, 20 டபிள்யூ என்று எழுதியிருக்கும். எண் கூடக் கூட ஆயில் கெட்டி. ஆனால் ஒரு கம்பெனியின் 10 டபிள்யூவும் இன்னொரு கம்பெனியின் 10 டபிள்யூவும் ஒரே கெட்டியாக இருக்கும் என்று நம்ப முடியாது. பூச்சிமருந்துக் கடையில் வியாபாரப் பெயரை மட்டும் பார்க்காமல் லேபிளில் உள்ள மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் பாருங்கள் என்று சொல்வது போலத்தான் இதுவும். ஆயில் டப்பாவிலோ கம்பெனி விவரத் தாளிலோ '40 டிகிரியில் இத்தனை சென்டிஸ்டோக்' என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். ஆயிலின் உண்மையான கெட்டித்தன்மை அதுதான். 10 டபிள்யூ என்று விற்கப்படுவது 40 டிகிரி வெப்பத்தில் பொதுவாக 32 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். 15 டபிள்யூ 46-ஐயும், 20 டபிள்யூ 68-ஐயும் ஒட்டி வரும். கம்பெனி மாற்றி வாங்கும்போது இந்த எண்ணை ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற மாட்டீர்கள். இரண்டு கம்பெனி ஆயிலை ஒரே காலில் கலக்க வேண்டாம்.

'10 டபிள்யூ 30 இன்ஜின் ஆயிலிலும் 10 டபிள்யூ இருக்கிறதே?'

பலருக்கும் வரும் சந்தேகம் இது. இரண்டு இடத்திலும் எழுத்து ஒன்று, பொருள் வேறு. இன்ஜின் ஆயிலில் 10 டபிள்யூ என்பது கடும் குளிரில் அது எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் வரும் 30 என்பது இன்ஜின் சூட்டில் அதன் கெட்டியைச் சொல்கிறது. நம் ஊர் வெயிலில், 40 டிகிரியில் அளந்தால், 10 டபிள்யூ 30 இன்ஜின் ஆயில் 10 டபிள்யூ ஃபோர்க் ஆயிலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கெட்டி. 20 டபிள்யூ 40 என்றால் ஏறத்தாழ நான்கு மடங்கு. பால் கேன் மூடியில் மிச்சம் வைத்திருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றினால், முன்னே சொன்ன கெட்டி ஆயிலின் கோளாறுகள் எல்லாம் வரும். ஃபோர்க்குக்குள் ஆயில் ஓயாமல் அடிபட்டு நுரைக்கும். நுரைத்த ஆயிலில் காற்றுக்குமிழி இருப்பதால் அது குதியை அடக்காது. ஃபோர்க் ஆயிலில் நுரையைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்திருப்பார்கள்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. சில பழைய வண்டிகளின் கையேட்டிலேயே மெல்லிய இன்ஜின் ஆயிலைச் சொல்லியிருப்பார்கள். 1970, 80-களின் சில ஜப்பானிய வண்டிகளுக்கு ஏ.டி.எஃப். என்னும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலைச் சொல்லியிருப்பார்கள். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் கையேட்டைப் பின்பற்றலாம். மற்றவர்கள் பக்கத்து வீட்டு வண்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ஆயில் வாங்கும் முன் நான்கு சோதனை

முன்பக்கம் ஆடினாலும் அடித்தாலும் எல்லாவற்றுக்கும் ஆயில் காரணம் அல்ல. கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

1. கசிவு: பைப்பைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில் பாரைப் பத்து முறை அமுக்குங்கள். பைப்பில் எண்ணெய் வளையம் விழுந்தால் சீல் போய்விட்டது. சீல் மாற்றாமல் ஆயில் மட்டும் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஆயில் கெட்டியாக இருந்தால் கசியாது என்பதும் சில நாள் கதைதான்.

2. பைப்: நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். துருப்புள்ளி, கீறல் தட்டுப்பட்டால் அது புது சீலையும் சில வாரத்தில் அறுத்துவிடும். லேசான புள்ளியை மிக மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு மெதுவாக நீவலாம். ஆழமான குழி விழுந்திருந்தால் பைப்பை மாற்ற வேண்டும், அல்லது குரோம் போட வேண்டும்.

3. கோன்செட்: சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் தரையில் படாதபடி ஒருவர் பின்னால் அமுக்கிப் பிடிக்கட்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் கோளாறு கோன்செட்டில் இருக்கிறது. அதற்கு எந்த ஆயிலும் மருந்தாகாது.

4. ஸ்பிரிங்: ஆளே ஏறாமல் வண்டி முன்பக்கம் தாழ்ந்தே நின்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கழற்றும்போது ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து, கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். 20 ஆண்டு ஓடிய வண்டியில் இதையும் பார்ப்பது நல்லது.

பால் கேன் கட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 20 லிட்டர் கேன் இரண்டு தொங்கினால் பாலே 40 கிலோ, கேன் எடை தனி. அது பின் சக்கரத்துக்கும் பின்னால் தள்ளித் தொங்கினால் முன்பக்கம் எடை குறைந்து ஹேண்டில் பார் ஆட ஆரம்பிக்கும். கேனை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னால், தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகக் கட்டினாலே பாதி ஆட்டம் நிற்கும்.

அளவுதான் முக்கியம்

நல்ல ஆயில் வாங்கியும் அளவில் கோட்டை விடுபவர்கள் அதிகம். இந்த வகை வண்டிகளில் ஒரு காலுக்கு 100 முதல் 200 மி.லி.க்குள்தான் ஆயில் பிடிக்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும். பாட்டிலில் உள்ளது முழுவதையும் கவிழ்ப்பது அளவு ஆகாது.

ஆயிலுக்கு மேலே பைப்புக்குள் கொஞ்சம் காற்று இருக்க வேண்டும். ஃபோர்க் அமுங்கும்போது அந்தக் காற்றும் சுருங்கி இன்னொரு ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், ஃபோர்க் கல்லாக இறுகும், அழுத்தம் தாங்காமல் சீல் பிதுங்கும். புது சீல் போட்ட ஒரே மாதத்தில் மறுபடி கசிகிறது என்று வரும் புகார்களில் இதுவும் ஒரு காரணம். ஆயில் குறைந்தால் துளைக்குள் காற்று போய் அடக்கும் வேலையே நடக்காது.

மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள். வீட்டில் நாமே மேல் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். அதற்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், கடைசி மரையில் தெறித்துவிடும்.

பழைய ஆயிலை இறக்கும்போது காலைக் கவிழ்த்து, பைப்பைப் பல முறை ஏற்றி இறக்கி முழுவதும் வடிக்க வேண்டும். உள்ளே கழுவ மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிவிட்டு அப்படியே விடக்கூடாது. மிச்சம் தங்கினால் புது ஆயில் நீர்த்துவிடும்.

அளப்பதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சு ஒன்று போதும். பூச்சிமருந்து அளக்கும் மூடியையோ கப்பையோ இதற்கு எடுக்காதீர்கள். ஆயில் அளந்த சிரிஞ்சும் மாட்டு மருந்துப் பக்கம் போகக் கூடாது.

ஊற்றிய பிறகு பைப்பை மெதுவாக ஏற்றி இறக்கி, பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். உள்ளே மாட்டிய காற்று அப்போதுதான் வெளியேறும். பிறகு ஸ்பிரிங் போடாமல் காலை முழுவதும் அமுக்கி வைத்து, கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்ப்பது போல ஒரு குச்சியை விட்டு, பைப்பின் விளிம்பிலிருந்து ஆயில் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டு காலிலும் அந்த அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் கூடி ஒன்றில் குறைந்தால் ஒரு கால் இறுகலாகவும் ஒரு கால் தளர்வாகவும் வேலை செய்யும்.

எல்லாம் பூட்டியதும் முன் பிரேக்கைப் பிடித்து ஒரு முறை நன்றாக அமுக்கி விடுங்கள். முன்பக்கம் நிதானமாக எழும்பி நின்றுவிட வேண்டும். துள்ளி ஆடினால் மெல்லிசு, மெல்ல மெல்ல ஏறினால் கெட்டி. முதல் நாள் கேன் கட்டாமல், வெறும் வண்டியில் மெதுவாக ஓட்டி பிரேக்கைப் பார்த்த பிறகே சுமை ஏற்றுங்கள்.

கசிந்த எண்ணெய் எங்கே போகிறது?

இதை எவரும் கேட்பதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சீலிலிருந்து வழிந்த ஆயில் அடிக்குழாய் வழியே இறங்கி சக்கரத்தின் நடுவுக்கு வரும். அங்கேதான் முன் பிரேக் இருக்கிறது. டிரம்முக்குள் எண்ணெய் புகுந்தால் பிரேக் ஷூ அதைக் குடித்துவிடும். டிஸ்க் பிரேக் என்றால் பேடு குடித்துவிடும். பிறகு அதைத் துடைத்தோ, கழுவியோ, வெயிலில் காயவைத்தோ பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பாதி அமுங்கும் ஃபோர்க்கும் பாதி பிடிக்கும் பிரேக்குமாக, விடியற்காலை ஈரத்தில், முன்னால் டேங்கில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுகிற வண்டிகளை எந்த ஊர் ரோட்டிலும் பார்க்கலாம். பைப் நன்றாக இருந்தால் இரண்டு சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்ந்து பொதுவாக ஒரு மூட்டை டி.ஏ.பி. விலைக்குள் அடங்கிவிடும். கை ஒடிந்து அறுவடைக் காலத்தில் படுத்தால் ஆகும் செலவு அதற்குள் அடங்காது.

சேற்றிலும் உரத்திலும் ஓடும் வண்டிக்கு

நகரத்து வண்டியைவிட நம் வண்டியின் சீல் சீக்கிரம் போவதற்குக் காரணம் சேறு. சேற்று உழவுக்காலத்தில் பைப்பில் தெறித்த சேறு காய்ந்தால் உப்புத்தாள் போல ஆகிவிடும். ஒவ்வொரு முறை ஃபோர்க் அமுங்கும்போதும் அது சீலின் உதட்டைத் தேய்க்கும். அதனால் வயலிலிருந்து வந்ததும், சேறு காய்வதற்குள் ஈரத்துணியால் பைப்பைத் துடைத்துவிடுங்கள். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றிய நாளில் கட்டாயம் துடையுங்கள். உரத்தூள் ஈரத்தை இழுத்து குரோமைத் துருப்பிடிக்க வைக்கும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது அழுத்தத் தண்ணீரைச் சீலுக்கு நேராகப் பீய்ச்சக் கூடாது. ரப்பர் உறை போட்டிருந்தால் நல்லதுதான். ஆனால் உள்ளே தண்ணீர் தங்குகிறதா என்று மழைக்காலத்தில் தூக்கிப் பாருங்கள்.

இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாதீர்கள். ஒர்க்ஷாப்பில் கழிவு ஆயில் சேர்க்கும் டின்னில் ஊற்றிவிடச் சொல்லுங்கள். மாட்டுப் புண்ணுக்கும் உண்ணிக்கும் பழைய ஆயில் தடவும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அது தோலை எரிக்கும், மாடு நக்கினால் வயிற்றுக்குள் போகும். அதை விட்டுவிடுங்கள்.

சில சிறு கேள்விகள்

டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றலாமா? டப்பாவில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 என்று இருந்தால் அதன் கெட்டித்தன்மை 10 டபிள்யூ ஃபோர்க் ஆயிலை ஒட்டியது. வேறு வழியே இல்லாத அவசரத்துக்குப் புதிதாக இருந்தால் உதவும். டிராக்டருக்கு வாங்கும் ஆயில்கள் பெரும்பாலும் அதைவிடக் கெட்டி. டிராக்டரிலிருந்து இறக்கிய பழைய ஆயில் கூடவே கூடாது.

வலது பக்கம் மட்டும்தான் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. சீலும் ஆயிலும் இரண்டு காலிலும் மாற்றுங்கள். ஒரு கால் புதிது, ஒரு கால் பழையது என்று விட்டால் இரண்டும் ஒன்றாக வேலை செய்யாது.

மொபெட்டுக்கும் ஃபோர்க் ஆயில் உண்டா? எல்லா மொபெட்டிலும் கிடையாது. சிலவற்றில் முன்பக்கம் ஸ்பிரிங்கும் கிரீஸும் மட்டும்தான். கையேட்டில் ஃபோர்க் ஆயில் என்ற வரியே இல்லையென்றால், எவர் சொன்னாலும் ஊற்ற வேண்டாம்.

வந்தவாசி வாசகருக்கு

முதலில் கோன்செட்டையும் பைப்பையும் பாருங்கள். பிறகு இரண்டு சீலும், கையேட்டில் சொன்ன ரகத்தில் ஒரே கம்பெனி ஆயிலும் வாங்கி, அளந்து ஊற்றச் சொல்லுங்கள். முன் பிரேக் டிரம்மையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பட்டிருந்தால் ஷூவையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஆயில் ரகம், அளவு நான்கையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அந்த வேலை முடியும்வரை ஏரிக்கரைத் திருப்பத்தில் கேனோடு மெதுவாகப் போங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வேறு வண்டியில் அனுப்புங்கள்.